ஹாம் ரேடியோவின் 20 மீட்டர் பேண்டில் (14 மெகாஹெர்ட்ஸ் பகுதி) காலி இடத்தை எப்படிக் கண்டுபிடித்து சிக்யூ (யாராவது பேச வாருங்கள் என்ற பொது அழைப்பு) கூப்பிடுவது?

ஹாம் (அமெச்சூர் வானொலி) லைசென்ஸ் கைக்கு வந்த வேகத்தில் மைக்கைப் பிடித்து, யாரிடமோ வாங்கிக் கட்டிக்கொண்டுதான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் மன்னிக்கவும். என் கதை அதுதான்.

முதல் வாரம். டயலை 14.099 மெகாஹெர்ட்ஸில் நிறுத்தினேன். பேச்சுக்குரலே இல்லை. அவ்வப்போது மெலிசாக 'கீ... கீ...' என்று ஏதோ கேட்டது. வீட்டு இரைச்சல் என்று விட்டுவிட்டு அரைமணி நேரம் சிக்யூ, சிக்யூ என்று தொண்டை கிழியக் கத்தினேன். கடைசியில் ஒரு பெரியவர் வந்தார்: "பீக்கன் தலைமேல ஏறி உட்கார்ந்திருக்கீங்க தம்பி, இறங்குங்க." அவ்வளவுதான். காரணமும் சொல்லவில்லை, கால்சைனும் (தன் நிலையத்தின் அடையாளக் குறி) கொடுக்கவில்லை. திட்ட மட்டும் வருகிறார்கள்!

பீக்கன் என்றால் எந்தத் திசைக்கு வழி திறந்திருக்கிறது என்று பார்க்க உதவும்படி தானாகவே சிக்னல் அனுப்பும் நிலையம்; 14.100 உலகத்துக்கே பொதுவான பீக்கன் இடம். யூஎஸ்பியில் (அப்பர் சைட்பேண்ட், இந்த பேண்டில் குரலை அனுப்பும் முறை) குரல் டயலுக்கு மேலே ஏறத்தாழ 3 கிலோஹெர்ட்ஸ் பரவும். ஆக அரைமணி நேரமும் அதை நான் மூடி வைத்திருந்தேன். (14.350-இல் பேண்ட் முடிகிறதே என்று 14.349-இல் பேசினாலும் இதே கணக்குப்படி வெளியே போய்விடுவீர்கள்.)

இப்போது மைக்கைத் தொடுமுன் அந்த 14.100-க்குத்தான் போய்க் கேட்டுக்கொண்டு உட்காருவேன். திட்டத்தில் 18 நிலையங்கள், ஆளுக்கு 10 விநாடி, மூன்று நிமிடத்தில் ஒரு சுற்று. மோர்ஸில் கால்சைன், பிறகு நாலு நீளக் கோடு: 100 வாட், 10, 1, கடைசியில் 0.1. எந்த ஊர் எத்தனை கோடு வரை கேட்கிறதோ, அந்தத் திசைக்கு அன்றைக்கு அவ்வளவு வழி திறந்திருக்கிறது. இணையத்தில் பார்த்தால் போதாதா என்பீர்கள். பாருங்கள், ஆனால் உங்கள் ஆண்டெனாவுக்கு என்ன கேட்கிறது என்று அது சொல்லாது.

பிறகு மேலே குரல் பகுதிக்குப் போய் ஓர் இடத்தில் இரண்டு நிமிடம் சும்மா கேளுங்கள். உங்களுக்குக் கேட்காத ஒருவரோடு இன்னொருவர் பேசிக்கொண்டிருக்கலாம். இடம் காலியா என்று இருமுறை கேட்டுவிட்டு அழையுங்கள். இரண்டு இடங்களை மட்டும் விட்டுவிடுங்கள்: 14.300 அவசரத் தொடர்புக்கானது, 14.074 பக்கம் எஃப்டி8 (கணினி வழியாகச் செய்தி அனுப்பும் டிஜிட்டல் முறை). எஃப்டி8 விரோதி என்று சண்டைக்கு வராதீர்கள், நானும் அங்கே இருப்பவன்தான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன்: இந்த மலிவு எல்இடி பல்புகளும் சார்ஜர்களும். ஃபில்டரில் காசை மிச்சம் பிடித்து இரைச்சலை நம் காதில் கொட்டுகிறார்கள். அந்த 0.1 வாட் கோட்டை நான் ஒரே ஒருமுறைதான் கேட்டிருக்கிறேன். ஒரு சாயங்காலம், தெரு முழுக்கக் கரண்ட் போய், பேட்டரியில் ரேடியோவை ஓட்டியபோது.