விமானம் திரும்பிப் போனால் மகளின் வேலை?

அன்புள்ள அண்ணன்,

உயர்தரத்தில் கணிதப் பிரிவு முடித்த மகள் விமானப் பராமரிப்புப் படிக்க ஆசைப்படுகிறாள். "இருக்கிற விமானத்தையே குறைக்கிறார்களாம்" என்று கொழும்பிலுள்ள மைத்துனர் சொன்னதிலிருந்து உங்களுக்கு உறக்கமில்லை. மைத்துனர் சொன்னது பொய்யல்ல, பாதிதான் சொல்லியிருக்கிறார். குறைப்பது என்றால் பெரும்பாலும் குத்தகைக்கு எடுத்த விமானத்தை உரிமையாளரிடம் திருப்பிக் கொடுப்பதுதான்.

குத்தகையைப் பற்றித் தலவாக்கலைக்காரருக்கு நான் பாடம் நடத்தத் தேவையில்லை. 1992இல் அரசின் தேயிலைத் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போனதையும், அது பிறகு 53 ஆண்டுக் குத்தகையானதையும் கண்ணால் பார்த்தவர் நீங்கள். உலகில் பறக்கும் பயணிகள் விமானங்களிலும் ஏறத்தாழ பாதி குத்தகைக்கு எடுத்தவைதாம். வால் பகுதியில் எந்தச் சின்னம் இருந்தாலும் உரிமையாளர் அயர்லாந்திலோ வேறெங்கோ இருப்பார். மாத வாடகை டொலரில். 2022இல் 200 ரூபாவாக இருந்த டொலர் 360 ரூபா அளவுக்குப் போனபோது அந்த வாடகை என்னவாகியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

தோட்டக் குத்தகைக்கும் விமானக் குத்தகைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மீள்நடுகை செய்யாமல் கொழுந்தை மட்டும் பறித்துக்கொண்டு தோட்டத்தில் காலத்தை ஓட்டிவிடலாம். விமானத்தில் அது நடக்காது. திருப்பிக் கொடுக்கும்போது என்ஜினிலும் சில்லுத் தொகுதியிலும் இவ்வளவு ஆயுள் மிச்சமிருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். குறைந்தால் பணம் கட்ட வேண்டும். ஆயுள் எல்லை குறிக்கப்பட்ட பாகம் ஒவ்வொன்றுக்கும் அது தயாரான நாளிலிருந்து பதிவு வேண்டும். பதிவு தொலைந்தால் நல்ல பாகமும் பழைய இரும்புதான். ஆகவே ஒரு விமானம் திரும்பிப் போகிறது என்றால் அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே பராமரிப்புப் பிரிவிலும் பதிவேட்டுப் பிரிவிலும் வேலை குவிந்துவிடும். வெளியே ஆட்குறைப்புப் பேச்சு, உள்ளே இரவுப் பணி!

அடி முதலில் விழுவது வேறிடத்தில். ஒப்பந்த ஊழியர், பயிற்சியிலிருப்பவர், விமானப் பணிக்குழு. ஒரு விமானத்துக்குப் பல சோடி விமானிகள் தேவை என்பதால் அது போனால் அவர்களும் தேவைக்கு மிஞ்சியவர்களாகிவிடுவார்கள். பேச்சுவார்த்தை இரகசியமாக நடக்கும். ஊழியருக்குச் சொல்ல மாட்டார்கள். ஆனால் புதிய ஆட்சேர்ப்பு நிற்கும், ஒப்பந்தங்களை ஓராண்டுக்குப் பதிலாக மூன்று மாதத்துக்கு நீடிப்பார்கள். இவற்றை வைத்துத்தான் உள்ளேயிருப்பவர்கள் நாடி பார்க்கிறார்கள். 2016இல் நமது தேசிய விமான சேவையான ஸ்ரீலங்கன், ஏர்பஸ் ஏ350 ரக விமானங்களின் குத்தகைகளைக் கைவிட்டபோது, அந்த விமானங்கள் வந்து சேராமலே பெருந்தொகை நட்டஈடாகப் போனது. அதே ஆண்டில் அரசின் மலிவுக் கட்டண விமான சேவையான மிஹின் லங்காவும் மூடப்பட்டது. முடிவெடுத்தவர்கள் வேறு, இரவில் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்தவர்கள் வேறு.

நான் பார்ப்பது ஒன்றைத்தான்: விமானம் போன பிறகு ஊழியரின் கையில் என்ன மிஞ்சுகிறது? விமானத்தைப் பழுதுபார்த்துச் சான்றளிக்க உரிமை தரும் பராமரிப்பு அனுமதிப்பத்திரம் மகளின் பெயரில் இருக்கும், கம்பனியின் பெயரில் அல்ல. 2022 நெருக்கடிக்குப் பிறகு இங்கிருந்து வளைகுடாவுக்குப் போன பொறியியலாளர்களுக்குக் கைகொடுத்தது அதுதான். விமானப் பணிப்பெண் டிப்ளோமா அப்படியல்ல. விமானக் கம்பனிகள் தங்கள் பணிக்குழுவைத் தாங்களே பயிற்றுவிக்கின்றன. விளம்பரப் பலகையில் சிரிக்கும் பெண்ணின் படத்துக்காக நகையை அடகு வைக்காதீர்கள் என்று இதற்கு முன்பும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், கேட்டவர்கள் குறைவு.

ஆனால் அனுமதிப்பத்திரம் படிப்பு முடிந்த மறுநாளே கிடைத்துவிடாது. பரீட்சைகள், ஆண்டுக்கணக்கில் நடைமுறை அனுபவம், பிறகு குறிப்பிட்ட விமான வகைக்கான பயிற்சி என்று நீளும். முற்பணம் கட்டுமுன் நிறுவனத்திடம் கேளுங்கள்: சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அங்கீகாரம் இந்தப் பாடநெறிக்கு இருக்கிறதா, நிறுவனத்தின் பெயருக்கு மட்டுமா? நடைமுறைப் பயிற்சியை எந்தப் பராமரிப்புக் கூடத்தில், யார் ஏற்பாடு செய்வார்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். "எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் ஐயா" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பிற்காலத்தில் கம்பனி செலவில் பயிற்சி கிடைத்து, இடையில் வேலையை விட்டால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டுவதாகப் பிணை ஒப்பந்தத்தில் கையொப்பமிடச் சொன்னால், கம்பனியே ஆட்குறைப்புச் செய்தால் அந்தப் பணத்தை யார் கட்டுவது என்ற வரியைத் தேடிப் படிக்க வேண்டும்.

கட்டணம் கைக்கு எட்டாவிட்டால் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழோடு மின்னியல் அல்லது இயந்திரத் துறையில் தொடங்கலாம், அதில் குறைவொன்றுமில்லை. எந்த வழியானாலும் ஆங்கிலம் வேண்டும். விமானக் கைநூல்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான்.

சனிக்கிழமை ஹற்றனுக்கு வாருங்கள். பெறுபேற்றுத் தாளோடு மகளையும் அழைத்து வாருங்கள். போன முறை அவளிடம் நான் கேட்ட எல்லாவற்றுக்கும் நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள்.