அந்தப் பையன் முன்வரிசையில் இருக்கிறான்

கேள்வி: அரசு ஐ.டி.ஐ. ஒன்றில் ஃபிட்டர் டிரேடு பயிற்றுநராக இருக்கிறேன். டிசம்பர் 1 எய்ட்ஸ் தினத்தன்று மாணவர்களிடம் பேச முதல்வர் என்னைப் பணித்திருக்கிறார். போன வருடம் பேச வந்தவர் பயங்கரமான படங்களாகக் காட்டினார்; பையன்கள் சிரித்தே பொழுதைப் போக்கினார்கள். முடிந்ததும் ஒருவன் தனியாக வந்து, "சார், அவங்க பிடிச்ச அரத்தை நாம பிடிச்சா வருமா?" என்றான். அவன் அப்பா அந்த நோயில் இறந்தவர் என்று பிறகுதான் தெரிந்தது. நான் எப்படிப் பேசுவது?

பதில்: அன்புள்ள ஐயா, அந்தப் பையன் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே பேசுங்கள். "தப்பு செய்பவர்களுக்கு வரும் நோய்" என்ற ஒரு வார்த்தை போதும், அவன் வீட்டையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடும். அரசு மருத்துவமனையில், எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருந்த காலத்தில், இந்தப் பேச்சுக்குப் பயந்தே பரிசோதனைக்கு வராமல் இருந்தவர்களை நிறையப் பார்த்தேன். வந்தபோது பலருக்கு உடம்பு கெட்டுப்போயிருந்தது.

அவன் கேள்வியிலிருந்தே தொடங்குங்கள். அரம், சுத்தியல், வெல்டிங் கண்ணாடி, சாப்பாட்டுத் தட்டு, கழிப்பறை, கொசு எதனாலும் எச்.ஐ.வி. வராது. உடம்புக்கு வெளியே அந்தக் கிருமி பிழைப்பது கடினம். ஒர்க் ஷாப்பில் யாருக்காவது கை வெட்டுப்பட்டால் கையுறை போட்டுக் கட்டுப் போடுங்கள். யாருடைய ரத்தமானாலும் அதுதான் முறை.

பிறகு, வரும் வழிகளைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். ஆணுறை இல்லாத உடலுறவு, கிருமி உள்ள ரத்தம், பகிர்ந்துகொள்ளும் ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்கு. தாய்க்கு மருந்து கொடுத்தால் குழந்தையைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஊசி என்றதும் ஆஸ்பத்திரி ஊசி என்று நினைத்துக்கொள்வார்கள். போதைக்காக வலி மாத்திரையைக் கரைத்து ஏற்றிக்கொள்ளும் ஊசியையும், திருவிழாவில் ஒரே ஊசியால் பலருக்குப் பச்சை குத்துவதையும் பெயர் சொல்லியே பேசுங்கள். அடுத்த வருடம் இவர்கள் அப்ரெண்டிஸாக ஓசூருக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ போய், நாலைந்து பேராக ரூம் எடுத்துத் தங்குவார்கள். கேட்க அம்மாவும் இருக்கமாட்டார், நீங்களும் இருக்கமாட்டீர்கள். ஆணுறையைப் பற்றி இப்போதே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

ஒரு விஷயம் எல்லோருக்கும் மனப்பாடமாக வேண்டும்: ஆபத்தான தொடர்பு நேர்ந்துவிட்டால், 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போனால் தடுப்பு மாத்திரை உண்டு, 28 நாள் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது. 1097 என்ற இலவச எய்ட்ஸ் உதவி எண்ணைக் கரும்பலகையில் எழுதி, அழிக்காமல் விட்டுவிடுங்கள்.

மருந்தைப் பற்றிப் பேசும்போது அவசரப்படாதீர்கள். இந்தியாவில் இந்தக் கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில். நுண்ணுயிரியல் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் அதைச் செய்தவர் நிர்மலா என்ற மாணவி. உங்கள் பிள்ளைகளைப் போல அவரும் படித்துக்கொண்டிருந்தவர்தான். 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்து தரத் தொடங்கியபோது, தாம்பரம் மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. இன்று கிருமி உள்ள ஒருவர் தினமும் மாத்திரை சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நிலைத்திருந்தால் உடலுறவு மூலமாகக்கூட அவர் மற்றவருக்குத் தரமாட்டார். இதைக் கேட்டால் அந்தப் பையனுக்கு மூச்சு வரும்.

வேலைக்குச் சேர எச்.ஐ.வி. பரிசோதனையைக் கட்டாயமாக்கக் கூடாது என்று 2017-இல் வந்த சட்டம் சொல்கிறது. அது 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கம்பெனிக்குப் போகும் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அது கூச்சம், அதட்டாதீர்கள். இரண்டு நாள் முன்பே ஒரு டப்பா வைத்து, பெயர் எழுதாத சீட்டில் கேள்வி போடச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளும் போடட்டும்.

அந்தப் பையனிடம் அப்பாவைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். அவன் அம்மா பரிசோதனை செய்தாரா என்றும் கேட்காதீர்கள். அவனாகவே வந்து வாயைத் திறந்தால் கேட்டுக்கொள்ளுங்கள், ஸ்டாஃப் ரூமுக்குக் கொண்டுபோகாதீர்கள். அவன் விரும்பினால் நம்பிக்கை மையம் வரை கூடப் போய் வாருங்கள்.