உறைக்குள் வைரஸ் இல்லை, மேலே ஏற்பி இருக்கிறது: கேள்வி பதில்

நோய் எதிர்ப்புச் செல்களின் மேற்பரப்பில் சைகையை வாங்கும் புரதங்களான ஏற்பிகளைச் சுமந்து வரும் வைரஸ் போலித் துகள்களை வைத்து, அந்த ஏற்பிகளோடு ஒட்டும் ஆன்டிபாடிகளையும் மருந்துகளையும் தேடுகிறோம். அவற்றைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

வைரஸ் என்ற பெயரே பயமுறுத்துகிறது. இது தொற்றாதா, ஐயா?

தொற்றாது. உள்ளே வைரஸின் மரபுப்பொருள் இல்லை. எச்ஐவி போன்ற ரெட்ரோவைரஸ்களில் காக் என்றொரு புரதம் உண்டு. அதன் மரபணுவை மட்டும் ஒரு மனிதச் செல்லுக்குக் கொடுத்தால் போதும். காக் புரதங்கள் செல் சவ்வின் அடியில் ஆயிரக்கணக்கில் கூடி, சவ்வை வெளியே தள்ளி, மொட்டுபோல் கிள்ளிக்கொண்டு போகும். அந்த மொட்டுதான் துகள். குறுக்களவு 100 நானோமீட்டரை ஒட்டி இருக்கும். அதே செல்லில், எச்ஐவி செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் சிசிஆர்5 என்ற ஏற்பியும் உருவாகிக்கொண்டிருந்தால், அதுவும் சவ்வோடு சேர்ந்து வந்துவிடும்.

இவ்வளவு சுற்று எதற்கு? ஏற்பியைத் தனியாகப் பிரித்தெடுத்தால் ஆகாதா?

பலரும் இடறும் இடம் இது. சிசிஆர்5 சவ்வை ஏழு முறை ஊடுருவிச் செல்கிறது. வெளியே தெரிவது ஒரு வால்முனையும் மூன்று வளைவுகளும் மட்டுமே. அந்த வளைவுகளை உரிய இடத்தில் பிடித்து வைத்திருப்பதே கொழுப்புச் சவ்வுதான். சவ்வை விட்டு நீருக்கு இழுத்தால் உருவம் குலைந்துவிடும். சோப்பு போலக் கொழுப்பைக் கரைக்கும் டிடர்ஜென்ட் கொண்டு தாங்கிப் பிடிக்கலாம். ஆனால் எந்த டிடர்ஜென்ட் பொருந்தும் என்பதை ஒவ்வோர் ஏற்பிக்கும் புதிதாகத் தேட வேண்டும். வால்முனையின் துண்டை மட்டும் செயற்கையாகச் செய்து ஆன்டிபாடி எடுப்பவர்களும் உண்டு. அது துண்டோடு அருமையாக ஒட்டும். உயிருள்ள செல்லைக் காட்டினால் பல நேரம் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

என் ஆன்டிபாடி துகளோடு நன்றாக ஒட்டுகிறது. சிசிஆர்5 ஏற்பிக்கான ஆன்டிபாடியைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்லலாமா?

ஏற்பி இல்லாத வெறும் துகளோடு ஒட்டுகிறதா என்று பார்த்தீர்களா? கேள்வியில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லையே! மொட்டு விடும்போது தாய்ச்செல்லின் சவ்வுப் புரதங்கள் பலவும் கூடவே ஏறிக்கொள்கின்றன. நீங்கள் பிடித்தது அவற்றில் ஒன்றாகவும் இருக்கலாம். அதே செல்லில், அதே முறையில் எடுத்த வெறும் துகள் சோதனைத் தட்டின் பக்கத்துக் குழியில் இல்லாத எந்த முடிவையும் நான் நம்புவதில்லை.

ஆன்டிபாடி ஒட்டியதை நிறமாகக் காட்டும் எலைசா சோதனையில் முதல் நாள் நல்ல நிறம் வந்தது. கழுவும் திரவத்தை மாற்றியதும் ஒன்றுமே இல்லை. ஏன்?

புதிய திரவத்தில் ட்வீன் 20 இருக்கிறதா என்று பாருங்கள். நானும் ஒருமுறை பழக்கதோஷத்தில் அதையே ஊற்றி, முழுத் தட்டும் வெளுத்துப்போக, இரண்டு நாள் ஆன்டிபாடியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ட்வீன் 20 ஒரு டிடர்ஜென்ட். துகளின் உறையோ கொழுப்பு, கரைந்துவிடும். சாதாரண உப்புத் தாங்கல் கரைசலால், குழியின் சுவரோரமாக மெல்ல ஊற்றிக் கழுவுங்கள். பின்னணி நிறம் சற்றுக் கூடும், பொறுத்துக்கொள்ளலாம்.

ஒட்டும் வலிமையைத் துகளை வைத்தே அளக்கலாமா?

அளக்கலாம், ஒரு எச்சரிக்கையோடு. ஒரு துகளில் பல ஏற்பிகள் நெருங்கி நிற்கின்றன. ஆன்டிபாடிக்கும் இரண்டு கைகள். ஒரு கை விட்டாலும் மறு கை பிடித்துக்கொள்ளும். வலிமை உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். ஃபேப் எனும், ஒற்றைக் கையுள்ள ஆன்டிபாடித் துண்டை வைத்து அளந்த எண்ணை மட்டும் எழுதுங்கள்.

ஆன்டிபாடி எடுக்க எலிக்கு ஊசி போட இதைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. ஆனால் எலியின் உடல் காக் புரதத்துக்கு எதிராகவும் ஆன்டிபாடி செய்யும். மனித சிசிஆர்5 எலியின் சொந்த ஏற்பியைப் பெரிதும் ஒத்திருப்பதால், அதை அந்நியமாகக் கருதாமல் விட்டுவிடவும் கூடும். அதனால்தான் பரிணாமத்தில் தள்ளி நிற்கும் கோழியைச் சிலர் நாடுகிறார்கள்.

சிறு மூலக்கூறு மருந்துகளுக்கு உதவுமா?

உதவும். 2007இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எச்ஐவி மருந்தான மாராவிராக், சிசிஆர்5 ஏற்பியின் சவ்வுக்குள் புதைந்த பள்ளத்தில்தான் அமர்கிறது. சவ்வு குலையாதிருந்தால்தான் அந்தப் பள்ளமும் நிலைக்கும்.

எப்படிச் சேமிப்பது?

ஒரு வேளைக்குத் தேவையான அளவாகப் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில். உருக்கியதை மறுபடி உறைய வைக்காதீர்கள், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.