போட்டு வீடும் லயத்து வீடும்: தண்ணி, கரண்ட், கக்கூசு பத்தி வந்த கேள்விங்க

இந்தத் தடவை ரெண்டு பக்கத்துலருந்தும் கேள்வி வந்திருக்கு. பாதிப்பேரு, புள்ளைங்க இங்கிலாந்துல கனல் (படகு போக வெட்டின வாய்க்கால்) போட்ல குடியிருக்கப் போறாங்களே சரிவருமான்னு கேக்கிறவங்க. மத்தவங்க இங்க தோட்டத்துலயும் டவுன்லயும் சின்ன வீட்டுல தண்ணியையும் கரண்டையும் எப்பிடி இழுத்துப் புடிக்கிறதுன்னு கேக்கிறவங்க. நான் அங்க போட்லயே இருந்து போட் வயரிங் வேல பாத்துட்டு இப்ப ஹட்டன் பக்கம் சோலார், தண்ணி டாங்கி வேல செய்றவன், அதனால ரெண்டு பக்கத்தையும் சேத்தே சொல்லிர்றேன், கொஞ்சம் நீளமாப் போனா கோவிச்சுக்காதீங்க.

தலவாக்கலை, ஒரு அம்மா: மகன் லண்டன்ல ரூம் வாடகை கட்டி மாளலன்னு நரோபோட் ஒண்ணு வாங்கி அதுலயே இருக்கப் போறேங்கிறான். சுற்றாடலுக்கும் அதுதான் நல்லதாம். நெசமாங்க?

பாதி நெசம் அம்மா. நரோபோட்னா அகலம் ஏழு அடிக்குள்ள தான், நீளம் 57 அடிக்குள்ள இருந்தா அங்க உள்ள கனல்ல பெரும்பாலான எடத்துக்குப் போய்வரலாம். லயத்துக் காம்பரா ரெண்டு மூண வரிசையா ஒட்ட வச்சு தண்ணியில விட்ட மாதிரின்னு நெனச்சுக்கங்க. அம்புட்டு சின்ன எடத்த சூடாக்க எரிபொருள் கொஞ்சம் போதும், சாமான் வாங்கிக் குமிக்க எடமே கெடையாது, உண்மையான லாபம் அதுல தான் இருக்கு. ஆனா கரையில கரண்ட் கனெக்‌ஷன் இல்லாத எடத்துல கட்டியிருந்தா குளிர்காலத்துல பெட்டரி ஏத்த டீசல் எஞ்சின ஓட்டணும், சூட்டுக்கு விறகோ புகையில்லாக் கரியோ எரிக்கணும். அந்தக் கணக்க விட்டுட்டு போட்ல இருந்தாலே சுற்றாடலுக்கு நல்லதுன்னு சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன்.

அதோட மகன்கிட்ட இதையும் கேளுங்க. நிரந்தரமா கட்டி வைக்க எடம் எடுத்திருக்காரா? எடுக்காட்டி 1995 சட்டப்படி ஒரே எடத்துல 14 நாளைக்கு மேல நிக்க ஏலாது, அவிழ்த்துக்கிட்டு அடுத்த எடத்துக்குப் போகணும், மணிக்கு 4 மைல் தான் ஸ்பீட். கனலப் பாத்துக்கிற கனல் அண்ட் ரிவர் டிரஸ்ட்டுக்கு வருசா வருசம் லைசன்ஸ், இன்சூரன்ஸ், நாலு வருசத்துக்கு ஒருக்கா சேப்டி சர்டிபிகேட், எல்லாத்துக்கும் காசு. காலையில வேலைக்கு ஓடுற பையனுக்கு ரெண்டு கிழமைக்கு ஒருக்கா வீட்ட நகத்துறது லேசுப்பட்ட வேலையில்ல. வாங்க முதல்ல ஒரு ஜனவரி மாசம் தெரிஞ்சவங்க போட்ல இருந்து பாக்கச் சொல்லுங்க, ஜூலையில பாத்து ஆசப்பட்டவங்க தான் அதிகம்.

மஸ்கெலியா, ஒரு தம்பி: கேக்க வெக்கமா இருக்கு அண்ணே, போட்ல கக்கூசு போனா நேரா கனலுக்குள்ளயா போவும்?

வெக்கப்பட ஒண்ணுமில்ல தம்பி, போட்ல இருக்கிற ரெண்டு பேரு சந்திச்சா கொஞ்ச நேரத்துல பேச்சு அங்க தான் வந்து நிக்கும். இல்ல, கனலுக்குள்ள விட ஏலாது. மூணு வகை இருக்கு. பம்ப் அவுட்ல பெரிய டாங்கி ஒண்ணு, நெறஞ்சா காசு கட்டி மெசின்ல உறிஞ்சி எடுக்கணும். கெசட்ல 20 லீட்டர் கிட்ட புடிக்கிற பெட்டி, நெறஞ்சதும் தூக்கிட்டுப் போயி எல்சன் பாயிண்ட்னு அதுக்குன்னே கட்டி வச்ச எடத்துல கொட்டிக் கழுவணும். அதுக்குள்ள ஊத்துற நீல மருந்துல சிலதுல போமல்டிஹைட் இருக்கு, அது நாத்தத்த மட்டும் அடக்கிறதில்ல, அங்கிட்டு கழிவு சுத்தம் பண்ற எடத்துல வேல செய்ற நல்ல பக்டீரியாவையும் கொல்லும். போமல்டிஹைட் இல்லாத மருந்தும் கடையில இருக்கு, அத வாங்கணும்.

மூணாவது டிரை டொய்லட். மூத்திரம் முன்னால ஒரு போத்தலுக்கு, மத்தது பின்னால ஒரு பக்கட்டுக்கு, ரெண்டும் கலக்காட்டி நாத்தம் முக்கால்வாசி போயிரும், மேல தும்புத்தூள் போட்டு மூடுவாங்க (அந்தத் தூள் கட்டிங்க நம்ம நாட்டுலருந்தும் இந்தியாவுலருந்தும் தான் கப்பலேறிப் போவுது). இதத் தான் இருக்கிறதுலயே பசுமையான கக்கூசுன்னு விக்கிறாங்க. சிக்கல் என்னன்னா பக்கட்ல இருக்கிறது உரமில்ல, உரமாக வேண்டியது. மக்க வைக்க எடமும் காலமும் வேணும், போட்ல எங்க எடம்? முன்ன பையில கட்டி கனல் குப்பைத் தொட்டியில போட்டுக்கிட்டிருந்தாங்க, 2021 கடைசியோட டிரஸ்ட் அத நிப்பாட்டிருச்சு. அதனால கரையில சொந்தமா ஒரு துண்டு தோட்டமோ, மக்க வைக்க ஒழுங்கான ஏற்பாடோ இல்லாதவங்களுக்கு நான் கெசட்ட தான் சொல்வேன், கேக்க பெருமையா இல்லாட்டியும் கழிவு போக வேண்டிய எடத்துக்குப் போய்ச் சேரும்.

நம்ம ஊர்ல மண்ணு இருக்கு, அதனால டிரை டொய்லட் இங்க தான் இன்னும் பொருந்தும். ஆனா குளிர மறந்துறாதீங்க. உலக சுகாதார ஸ்தாபனத்தோட 2006 வழிகாட்டல்ல 20 பாகைக்கு மேல சூடான எடத்துல ஒரு வருசத்துக்கு மேல வைக்கணும்னும், அதுக்குக் கொறைஞ்ச எடத்துல ஒன்றரையிலருந்து ரெண்டு வருசம் வைக்கணும்னும் இருக்கு. நுவரெலியா, மஸ்கெலியாவெல்லாம் ரெண்டாவது கணக்கு. ரெண்டு குழி வெட்டி ஒண்ணு நெறஞ்சா மூடிட்டு அடுத்ததப் பாவிக்கணும், மூடின தேதிய சுவத்துல எழுதி வைங்க இல்லாட்டி யாருக்கும் ஞாபகமிருக்காது. மக்கினதயும் கரட், லீக்ஸ், சலாது பாத்திக்குப் போடாதீங்க, பழமரத்தடிக்குப் போடுங்க. மூத்திரத்த பத்து மடங்கு தண்ணி கலந்து ஊத்தினா நல்ல தழைச்சத்து. குழி எப்பவும் பீலிக்கு (மலைத்தண்ணி விழுற குழாய்க்கு) கீழ இருக்கணும், தண்ணி ஊத்துலருந்து நான் 100 அடியாவது தள்ளித் தான் வெட்டச் சொல்வேன்.

இராகலை, ஒரு டீச்சர்: கனல் மேட்டுல ஏறுமா? ஏறினா தண்ணி வீணாகாதா?

ஏறும் டீச்சர், லாக்னு ரெண்டு பக்கமும் கதவு வச்ச தொட்டி கட்டி, அதுல தண்ணிய ஏத்தி எறக்கி போட்ட படிப்படியா ஏத்துவாங்க. வார்விக்‌ஷயர்ல ஹட்டன்னே ஒரு ஊர் இருக்கு, அங்க 21 லாக், ரெண்டு மைலுக்குள்ள 45 மீட்டர் ஏறுது, நம்மாளுங்க யாரு போனாலும் அந்த போர்டுக்குப் பக்கத்துல நின்னு போட்டோ புடிக்காம வர்றதில்ல. ஒவ்வொரு தடவ போட் ஏறி எறங்கவும் ஒரு லாக் தண்ணி மேலருந்து கீழ போவும், சின்ன லாக்னாலும் ஒரு லட்சம் லீட்டர் கணக்கு. மேல ரிசர்வாயர்லருந்து தான் அது வரணும். அதனால அகலமான லாக்ல ரெண்டு போட் பக்கத்துப் பக்கமா சேந்து போறது, எதிர்ல போட் வந்தா அதுக்காக லாக்க அப்பிடியே விட்டு வைக்கிறது, போன பொறவு கதவ ஒழுங்கா சாத்துறதுன்னு பழக்கம் இருக்கு.

ஹட்டன், கடை வச்சிருக்கிற ஒருத்தர்: போட்ல இருக்கிறவங்க சோலார்லயே ஓட்டுறாங்கன்னு வீடியோ பாத்தேன். நம்ம வீட்டுக்கும் அது போதுமா? மழையும் மிஸ்ட்டும் தான் பயமா இருக்கு.

அந்த வீடியோ எந்த மாசம் எடுத்ததுன்னு பாத்தீங்களா? போட் கூரையில தட்டையா வச்ச பேனல் டிசம்பர்ல குடுக்கிறது ஜூன்ல குடுக்கிறதுல பத்துல ஒரு பங்கு கிட்ட தான் வரும். பகல் எட்டு மணித்தியாலம், சூரியன் அடிவானத்த விட்டு அதிகம் ஏறாது. நமக்கு வருசம் முழுக்க பகல் 12 மணித்தியாலத்த ஒட்டித் தான் இருக்கு, மே மாசம் தொடங்கி மழைக்காலத்துல ஹட்டன் பக்கம் கொறையும் தான், ஆனா அவங்க டிசம்பர் அளவுக்கு அடிபடாது. பேனல தெக்குப் பாத்து 10 பாகையாவது சாய்ச்சு வைங்க, மழையே கழுவி விட்டுரும்.

பேனலுக்கு முன்னால செய்ய வேண்டிய வேல ஒண்ணு இருக்கு, போட்காரங்ககிட்ட எடுத்துக்க வேண்டியதும் அது தான். ஒரு கொப்பியில வீட்டுல எரியிற ஒவ்வொண்ணுக்கும் வாட், எத்தன மணித்தியாலம்னு எழுதிப் பெருக்குங்க. 7 வாட் பல்ப் நாலு, ஒவ்வொண்ணும் அஞ்சு மணித்தியாலம் எரிஞ்சா 140. சின்ன டீவி 40 வாட் நாலு மணித்தியாலம் 160. இன்டர்நெட் ரவுட்டர் 10 வாட் தான், ஆனா நாள் முழுக்க எரியுறதால 240, டீவிய விட கூட! போன் சார்ஜ் எல்லாம் 30 கிட்ட. மொத்தம் 570 வாட்மணி. 12 வோல்ட் 100 ஆம்பியர்மணி பெட்டரியில இருக்கிறது 1200, ஆனா ஈய பெட்டரிய பாதிக்குக் கீழ எறக்கினா சீக்கிரம் செத்துரும், அப்ப கையில 600 தான். லித்தியம் அயன் பொஸ்பேட் பெட்டரின்னா எண்பது சதவீதம் எடுக்கலாம், 960. இப்பிடிக் கணக்கு பாத்தா ராத்திரி ரவுட்டர ஓப் பண்றதே பெரிய மிச்சம்னு தெரியும், அதுக்கு ஒரு ரூபா செலவில்ல. ரைஸ் குக்கரையும் ஹீட்டரையும் இந்த பெட்டரியில ஓட்டலாமான்னு கேக்காதீங்க. 2022ல 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினப்ப அவசரத்துல பெரிய இன்வர்ட்டர வாங்கிட்டு அதுக்கேத்த பெட்டரி இல்லாம மூலையில போட்டிருக்கிற வீடுங்க இங்க நெறைய இருக்கு.

பொகவந்தலாவ, ஒரு அக்கா: பீலியில பெப்ரவரி மார்ச்ல தண்ணி நூலா வருது. போட்ல எப்பிடி ஒரு டாங்கி தண்ணிய வச்சு ஓட்டுறாங்க?

அக்கா, போட் டாங்கி 300லருந்து 600 லீட்டர் வரைக்கும் இருக்கும். ஒரு ஆளுக்கு நாளைக்கு 30, 40 லீட்டர்னு பழகிக்கிட்டா பெரிய டாங்கி ரெண்டு பேருக்கு ஒரு கிழமை போவும். நனைய, சவர்க்காரம் போட டெப்ப மூடிட்டு கழுவ மட்டும் தெறக்கிறது, சுடுதண்ணி வர்ற வரைக்கும் ஓடுற பச்சத் தண்ணிய கேத்தலுக்குப் புடிக்கிறது, இதெல்லாம் தான். சொல்லப்போனா பீலியிலருந்து கொடத்துல தூக்கின நம்ம அம்மாமாருக்கு இதப் பத்தி வகுப்பெடுக்கத் தேவையில்ல.

உங்களுக்கு மழைத்தண்ணி தான் வழி. ஒரு சதுர மீட்டர் கூரையில ஒரு மில்லிமீட்டர் மழ பேஞ்சா ஒரு லீட்டர். 10 அடிக்கு 20 அடி தகரக் கூரை 18 சதுர மீட்டருக்கு மேல வரும், 10 மில்லிமீட்டர் மழைக்கு 180 லீட்டர், கொஞ்சம் சிந்தினாலும் 150 கையில நிக்கும். பீலிக்கு வரிசையில நிக்கிற நேரம் மிச்சம். மொத மழ கூரை அழுக்கக் கழுவுறது, அத டாங்கிக்கு விடாம வெளிய விட ஒரு பைப் துண்டு போட்டுக்கங்க, வாய்க்கு நுளம்பு வலை கட்டுங்க, டாங்கிய சமமான கெட்டி மண்ணுல வைங்க ஏன்னா 1000 லீட்டர் டாங்கி நெறஞ்சா ஒரு தொன் பாரம், சரிவோரத்துல அத வைக்கவே கூடாது. துவைக்க, கழுவ, கக்கூசுக்கு அப்பிடியே பாவிங்க, குடிக்கிறதுன்னா கொதிக்க வைங்க.

நோர்வூட், ஒரு தங்கச்சி: சவர்க்காரத் தண்ணிய போட்ல எங்க விடுறாங்க?

சிங்க், ஷவர் தண்ணி நேரா கனலுக்குள்ள தான் போவுது, அதுக்குத் தடையில்ல. அதனால தான் கொஞ்சம் யோசிக்கிறவங்க பொஸ்பேட்டும் பிளீச்சும் இல்லாத சவர்க்காரமா பாத்து வாங்குறாங்க, சட்டியில எண்ணெயக் கடுதாசியில தொடச்சுட்டுக் கழுவுறாங்க. பொஸ்பேட் கூடினா பாசி கூடும், பாசி செத்து அழுகினா தண்ணியில ஒட்சிசன் கொறையும், மீன் சாவும். நோர்வூட்ல நீங்க ஊத்துறது கெகல்கமு ஓயாவுல எறங்கி, மஸ்கெலியா ஓயாவோட சேந்து களனி கங்கையாகி, அம்பத்தளையில கொழும்புக்காரங்க குடிக்க எடுக்கிற தண்ணியில போய்ச் சேருது. கல்வாழை நட்ட ஒரு பாத்திக்கு விட்டீங்கன்னா பாதி அழுக்க அது புடிச்சுக்கும். ஆனா வீட்டுக்கு மேல உள்ள சரிவுல ஊறவிடாதீங்க தங்கச்சி, ஏற்கனவே மழையில ஊறின மண்ணு, மண்சரிவு அபாயம்னு தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் குறிச்ச எடமா இருந்தா பைப்ல கானுக்கே கொண்டு போயிருங்க.

நுவரெலியா, ஒருத்தர்: கிரகரி வாவியில நாலு போட் வீடு விட்டா டூரிஸ்ட் வருவாங்களே?

வருவாங்க. கக்கூசு டாங்கிய எங்க கொட்டுவீங்க? 1873ல கட்டின வாவி, ஏற்கனவே டவுன் அழுக்கும் தோட்ட உரமும் எறங்கி பச்சப் பாசி புடிக்கிற தண்ணி. கரையில கழிவெடுக்கிற எடம் மொதல்ல வரட்டும், போட்டப் பத்திப் பொறவு பேசலாம்.

டிக்கோயா, ஒரு ஐயா: கேஸ் வெலைக்கு திரும்ப மிலாறுக்கே (கவ்வாத்துல வெட்டின தேயிலைக் குச்சி) வந்துட்டோம். புகை தான் தாங்க முடியல. போட்ல அடுப்பு வச்சு சன்னல மூடிட்டு எப்பிடித் தூங்குறாங்க?

அவங்க அடுப்பு இரும்புப் பெட்டி, கதவு மூடியிருக்கும், குழாய் கூரைக்கு மேல போவும். விறகுல ஈரம் 20 சதவீதத்துக்குள்ள இருக்கணும், 2021லருந்து இங்கிலாந்துல சின்னக் கட்டா விக்கிற விறகுக்கு அத சட்டமாவே போட்டுட்டாங்க. ஈர விறகுல கணிசமான சூடு தண்ணிய ஆவியாக்கவே போயிரும், மிச்சம் புகையா கண்ணுக்கும் நெஞ்சுக்கும். கவ்வாத்து முடிஞ்சு கொண்டாற மிலாற மழைபடாம கூரைக்கடியில காத்துப் போற மாதிரி அடுக்கி வைங்க, மெல்லிசு தானே, கட்ட விறகு காயிற காலத்துல பாதி கூட ஆகாது. மூணு கல்லுக்குப் பதிலா அனகி களிமண் அடுப்பு ஒண்ணு வைங்க, ஒரு நெருப்புல ரெண்டு சட்டி வேகும், விறகும் கொறையும், மேல ஒரு புகைக்கூடு வச்சா இன்னும் நல்லம்.

தூங்குற விசயம் தான் முக்கியம் ஐயா. தணல் போட்ட சட்டிய குளிருக்கு அறைக்குள்ள வச்சு கதவச் சாத்திட்டுப் படுக்கிற பழக்கம் நம்ம பக்கம் இன்னும் இருக்கு, அத இன்னைக்கே விட்டுருங்க. புகை இல்லாத தணல்லயும் கார்பன் மொனொக்சைட் வரும், நெறமும் இல்ல மணமும் இல்ல, தலவலி, வாந்தி வர்ற மாதிரி இருக்கும், தூக்கத்துலயே ஆளு போயிரும். தங்குற வசதி உள்ள போட்ல இதுக்கு அலாரம் இருக்கணும்னு 2019 ஏப்ரல்லருந்து கட்டாயம். இங்கயும் இப்ப பெட்டரியில ஓடுற அலாரம் வாங்கலாம், அடுப்புலருந்து ஒரு மூணு நாலு அடியாவது தள்ளி, படுக்கிற எடத்துல, படுத்தா தல இருக்கிற உயரத்துக்கு மாட்டி, மாசத்துக்கு ஒருக்கா பட்டன அமத்தி சத்தம் வருதான்னு பாருங்க.