கன்ஸ் அண்ட் ரோசஸின் முதல் ஆல்பம் ஒரே ராத்திரியில்தான் ஹிட் ஆனதா?

கேள்வி இதுதான்: அமெரிக்க ராக் குழுவான கன்ஸ் அண்ட் ரோசஸின் முதல் ஆல்பம் 'அப்பெடைட் ஃபார் டிஸ்ட்ரக்‌ஷன்' வந்த புதிதில் யாரும் கண்டுகொள்ளவில்லை, எம்டிவி என்ற இசைச் சேனலில் ஒரு ராத்திரி வீடியோ போட்டார்கள், மறுநாளே பிய்த்துக்கொண்டு ஓடியது என்று எழுதுகிறார்களே, அது நிஜமா?

பாதி நிஜம். அந்த ராத்திரி நடந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதை மட்டும் சொன்னால் ஆல்பத்துக்காக உழைத்தவர்கள் எல்லோரும் கதையிலிருந்து காணாமல் போய்விடுகிறார்கள், எனக்கு அதுதான் மனசு கேட்பதில்லை. நான் கிட்டார் கற்றதே இந்த ஆல்பத்தை வைத்துத்தான், அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் தேதிகளைப் பாருங்கள். ஆல்பம் வெளியானது 1987 ஜூலை 21. பில்போர்டு பத்திரிகையின் அமெரிக்க ஆல்பம் பட்டியலுக்குள் வந்தபோது கிடைத்த இடம் 182. முதலிடத்துக்கு வந்தது 1988 ஆகஸ்ட் 6. பட்டியலில் ஐம்பது வாரம் இருந்து, ஏறி, இறங்கி, மறுபடி ஏறித்தான் அந்த இடத்தைப் பிடித்தது. இதை ஒரு ராத்திரிக் கதை என்று எப்படிச் சொல்வது?

கொஞ்சம் பின்னால் போவோம். பாடகர் ஆக்ஸல் ரோஸ், கிட்டாருக்கு ஸ்லாஷும் இஸ்ஸி ஸ்ட்ராட்லினும், பேஸ் கிட்டாருக்கு டஃப் மெக்கேகன், ட்ரம்ஸுக்கு ஸ்டீவன் ஆட்லர் ஆகிய ஐவரும் ஒன்று சேர்ந்தது 1985 ஜூனில். சேர்ந்த கையோடு லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சியாட்டிலுக்கு வாசிக்கப் புறப்பட்டார்கள், வழியில் வண்டி படுத்துவிட்டது. திரும்பிப் போகாமல், கிட்டாரைத் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலையில் லிஃப்ட் கேட்டே போய்ச் சேர்ந்து வாசித்துவிட்டு வந்தார்கள். இந்தக் குழு குழுவானது அந்தப் பயணத்தில்தான் என்று பிறகு அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் சன்செட் பூலவார்டு பக்கம் ஒரு சின்னஞ்சிறு அறை, கழிப்பறைகூடக் கிடையாது, ஒத்திகையும் அங்கேதான், படுக்கையும் அங்கேதான். ஆல்பத்தில் இருக்கும் பாடல்களில் பெரும்பாலானவை அந்தக் காலத்தில் பிறந்து, கிளப் கிளப்பாக வாசித்து வாசித்துத் தேய்க்கப்பட்டவை. ஸ்டுடியோவுக்குள் நுழையும்போது பாட்டில் எங்கே மூச்சு விட வேண்டும் என்பதுகூட அவர்கள் ஐந்து பேருக்கும் மனப்பாடம்.

ஜெஃபன் இசைத்தட்டு நிறுவனத்தில் புதுக் குழுக்களைத் தேடிப் பிடிக்கும் டாம் ஜூட்டாட் அவர்களை ஒப்பந்தம் செய்தது 1986 மார்ச்சில், முன்பணம் 75,000 டாலர். (ட்ரூபடோர் கிளப்பில் இரண்டு பாட்டு கேட்டுவிட்டு, அங்கே இருந்த மற்ற கம்பெனி ஆட்களிடம் 'தேறாது' என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன், போட்டிக்கு வேறு யாரும் வரக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று அவரே பிறகு சொல்லியிருக்கிறார்.) ஒப்பந்தம் சரி, ஒலிப்பதிவை முன்னின்று நடத்தும் தயாரிப்பாளர்தான் கிடைக்கவில்லை. கிஸ் குழுவின் பால் ஸ்டான்லியைப் பார்த்தார்கள், அவர் ஆட்லரின் ட்ரம் செட்டை மாற்றப் பார்த்தார், ஒத்துவரவில்லை. நாசரெத் குழுவின் மேனி சார்ல்டனோடு டெமோ பதிவு செய்தார்கள். பெரிய தயாரிப்பாளரான மட் லேங் பெயரும் அடிபட்டது, அவருக்குக் கொடுக்கக் காசில்லை. கடைசியில் வந்தவர் மைக் கிளிங்க். அதுவரை பெரும்பாலும் எஞ்சினியராக வேலை பார்த்தவர், யுஎஃப்ஓ குழுவின் ஒலிப்பதிவுகளில் இருந்தவர். சோதனைக்கு ஒரு பாட்டைப் பதிவு செய்து காட்டினார். அதைக் கேட்டதும் ஐவருக்கும் பிடித்துப்போனது, ஏனென்றால் அதில் கேட்டது அவர்களுடைய சொந்த ஒலியே.

என் கணிப்பில் ஆல்பத்தின் விதி முடிவானது இந்த இடத்தில்தான். அந்தக் காலத்து ராக் ஆல்பங்களில் ட்ரம்ஸ் ஏதோ கோயில் மண்டபத்துக்குள் அடிப்பதுபோல முழங்கும், கிட்டாரை அடுக்கடுக்காக ஏற்றி மெழுகி வைத்திருப்பார்கள். அந்தப் பாணியின் உச்சம் டெஃப் லெப்பர்டின் 'ஹிஸ்டீரியா', செய்தவர் அதே மட் லேங். இரண்டு ஆல்பமும் இரண்டு வார இடைவெளியில் வெளிவந்தன. ஹிஸ்டீரியாவும் ஏறத்தாழ ஒரு வருடம் காத்திருந்து 1988 ஜூலையில் முதலிடத்துக்கு வந்தது, அடுத்த சில நாட்களில் அப்பெடைட் வந்தது. ஒன்று வருடக் கணக்கில் துண்டு துண்டாகக் கட்டியது, இன்னொன்று ஐந்து பேர் வாசித்ததை அப்படியே பிடித்தது. எனக்கு இரண்டுமே பிடிக்கும். ஆனால் லேங்குக்குக் கொடுக்க அன்று காசு இருந்திருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது வேறு ஆல்பம்.

பதிவு நடந்தது 1987 தொடக்கத்தில், கனோகா பார்க்கில் இருந்த ரம்போ ஸ்டுடியோவில். ஆட்லரின் ட்ரம்ஸ் ஆறே நாளில் முடிந்தது. பல முறை வாசித்ததில் நல்ல டேக்குகளைத் தேர்ந்தெடுத்து, டேப்பை பிளேடால் வெட்டி ஒட்டுவது கிளிங்கின் வேலை. அப்புறம் ஆக்ஸல் பாட வந்தார், வேகம் அங்கேதான் குறைந்தது. ஒவ்வொரு வரியாகத்தான் பாடுவேன் என்று பிடிவாதம். ஒரு வரி, நிறுத்து, கேள், மறுபடி அதே வரி. மற்ற நால்வரும் பொறுமை இழந்து ஸ்டுடியோ பக்கம் வருவதையே விட்டுவிட்டார்கள். நான் முதலில் இதைப் படித்தபோது, இவ்வளவு காட்டமாகக் கேட்கும் குரல் இப்படி வரி வரியாகச் செதுக்கியதா என்று நம்பவே முடியவில்லை. 'இட்ஸ் ஸோ ஈஸி'யில் அடிக்குரலில் பாடுவதும் 'வெல்கம் டு த ஜங்கிள்' பாட்டில் கிறீச்சிடுவதும் ஒரே ஆள்தான், தெரியாதவரிடம் போட்டுக் காட்டினால் இரண்டு பாடகர்கள் என்றே நினைப்பார்.

ஸ்லாஷுக்கு வேறு தொல்லை. எந்தக் கிட்டாரும் அவர் மனதில் இருந்த ஒலியைக் கொடுக்கவில்லை. மேனேஜர் ஆலன் நிவன் ஒரு லெஸ் பால் கிட்டாரைக் கொண்டுவந்து கொடுத்தார். லெஸ் பால் என்பது கிப்சன் கம்பெனியின் கிட்டார், ஆனால் இது அவர்கள் செய்தது அல்ல, கிரிஸ் டெரிக் என்ற கைவினைஞர் கையால் செய்த நகல். அதை வாடகைக்கு எடுத்த ஒரு மார்ஷல் ஆம்ப்பில் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் கருவி) செருகியதும் தேடிய ஒலி வந்துவிட்டது. அதைக் கேட்ட பிறகு உலகம் முழுக்க எத்தனையோ பேர் கிப்சன் கடைகளுக்கு ஓடினார்கள், அந்தக் கிட்டாரைச் செய்தவரோ ஆல்பம் வெளிவரும் முன்பே புற்றுநோயில் காலமாகிவிட்டார். இதை நினைக்காமல் என்னால் அந்த சோலோக்களைக் கேட்க முடிவதில்லை.

இரண்டு கிட்டார் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. நான் கற்றுக்கொள்ளத் தொடங்கியபோது என்னிடம் இருந்தது ஒரு பக்கம் செத்துப்போன ஹெட்ஃபோன். அதில் கேட்டுத்தான் 'நைட்ரெய்ன்' வாசிக்கப் பழகினேன், பல மாதம். கையில் எல்லாம் சரியாக வந்தது, ஆனாலும் பாட்டு சப்பென்று இருந்தது. பிறகு ஒருநாள் நண்பனின் ஹெட்ஃபோனை வாங்கிப் போட்டபோது மறு காதில் இன்னொரு ஆள் வாசித்துக்கொண்டிருந்தார்! ஒரு காதில் ஸ்லாஷ், மறு காதில் இஸ்ஸி. இருவரும் ஒரே பகுதியை வாசிக்கவில்லை. ஸ்லாஷ் தடிமனாக இழுத்து வாசிக்கும் இடத்தில் இஸ்ஸி குறைவான சுரங்களை, கொஞ்சம் வறண்ட ஒலியில், தாளத்தின் இடுக்கில் செருகிக்கொண்டே போகிறார். இரண்டு காதும் சேர்ந்தால்தான் அந்தப் பாட்டுக்கு நடையே வருகிறது. பெரிய ரசிகர்கள்கூட இஸ்ஸியை எளிதாக மறந்துவிடுகிறார்கள், அது அநியாயம். அவர் இல்லாமல் இந்த ஆல்பம் வெறும் சத்தமாகப் போயிருக்கும்.

'ஸ்வீட் சைல்ட் ஓ மைன்' பிறந்த விதமும் அப்படித்தான். ஸ்லாஷ் விரலுக்குப் பயிற்சி மாதிரி கம்பி தாவித் தாவி ஏதோ வாசித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது ஒரு விளையாட்டு, பாட்டாகும் என்று நினைக்கவே இல்லை. இஸ்ஸி அதற்கடியில் கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகள்) போட்டார். மாடியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஆக்ஸல் வரிகளை எழுதிவிட்டார். ஸ்லாஷ் வாசித்த அந்த ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் துணுக்கை, மெதுவாக வாசித்துப் பாருங்கள், மொத்தம் எட்டுச் சுரம், இரண்டிரண்டு முறை வரும். ஒவ்வொரு சுற்றிலும் மாறுவது முதல் சுரம் மட்டும்தான், டி, அப்புறம் இ, அப்புறம் ஜி, மறுபடி டி (அவர்கள் கிட்டாரை அரைச் சுரம் இறக்கி வைத்திருப்பார்கள், அது வேறு). மீதி ஏழும் அசையாமல் நிற்கும். ஏழு சுரம் அப்படியே இருக்க, அடியில் ஒன்று மட்டும் நகர்வதால்தான் அதற்கு அந்த ஏக்கம் வருகிறது என்று எனக்குத் தோன்றும். முதல் முறை எனக்கு அது சரியாக வந்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது, விடியும்வரை கிட்டாரைக் கீழே வைக்கவில்லை.

சரி, வெளியீட்டுக்கு வருவோம். ஆல்பத்தின் பெயர் ராபர்ட் வில்லியம்ஸ் வரைந்த ஓர் ஓவியத்தின் பெயர். அந்த ஓவியத்தையே அட்டைப் படமாகப் போட்டார்கள், பாலியல் வன்முறையைக் காட்டும் படம் அது, கடைக்காரர்கள் வைக்க மறுத்தார்கள். மறுத்தது சரிதான் என்பேன். ஓவியம் உள்ளே போனது, சிலுவையும் ஐந்து மண்டையோடுகளும் அட்டைக்கு வந்தன, ஆளுக்கொரு மண்டையோடு.

வானொலிகள் தொடவில்லை, எம்டிவியும் தயங்கியது. சில மாதம் கழித்து விற்பனை ஏறத்தாழ 2 லட்சத்தில் நின்றபோது, போதும், அடுத்த ஆல்பத்துக்குப் போகலாம் என்று கம்பெனியிலேயே பேச்சு எழுந்ததாக ஜூட்டாட் சொல்கிறார். அவர் நேராக முதலாளி டேவிட் ஜெஃபனிடம் போய் நின்றார், ஜெஃபன் எம்டிவியிடம் பேசினார். ஒரே ஒரு முறை, ஞாயிறு விடியற்காலை ஊரே தூங்கும் நேரத்தில் 'வெல்கம் டு த ஜங்கிள்' வீடியோவைப் போட ஒத்துக்கொண்டார்கள். போட்டதும் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. நீங்கள் படித்த கதை இதுதான்.

ஆனால் அதோடு முதலிடம் வந்துவிடவில்லை. அந்த ஒரு வருடம் முழுக்க அவர்கள் பிறர் கச்சேரிக்கு முன்னால் வாசிக்கும் குழுவாக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்கள். த கல்ட், மோட்லி க்ரூ, ஆலிஸ் கூப்பர், அயர்ன் மெய்டன் என்று ஒருவர் விடாமல். தங்களைப் பார்க்க வராத கூட்டத்தின் முன் தினமும் முக்கால் மணி நேரம் நின்று வாசிப்பது எவ்வளவு கடினம் என்பது மேடையேறியவர்களுக்குத் தெரியும். 1988 கோடையில் 'ஸ்வீட் சைல்ட்' சிங்கிளாக வந்தது, வானொலிக்காக ஸ்லாஷின் சோலோவையே வெட்டியிருந்தார்கள், ஆக்ஸல் அதை வெளிப்படையாகவே கண்டித்தார். செப்டம்பரில் அந்தப் பாட்டு முதலிடம். ஆல்பம் அதற்கு முன்பே முதலிடத்துக்கு வந்திருந்தது, அப்போது அவர்கள் ஏரோஸ்மித்துக்கு முன்னால் வாசித்துக்கொண்டிருந்தார்கள், நாட்டிலேயே அதிகம் விற்கும் ஆல்பம் முன்னால் வாசிக்கும் குழுவுடையது! ஏரோஸ்மித்தைப் பற்றி எழுத வந்த ரோலிங் ஸ்டோன் பத்திரிகை கடைசியில் இவர்களை அட்டையில் போட்டது.

வெற்றி மட்டும் அல்ல அந்த ஆகஸ்டில் வந்தது. 20ஆம் தேதி இங்கிலாந்தின் டோனிங்டன் மைதானத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் கூட்டம், மழையில் சேறான தரை. இவர்கள் வாசிக்கும்போதே முன்னால் நெரிசலில் சிக்கி இரண்டு ரசிகர்கள் இறந்துபோனார்கள். மேடையிலிருந்து கூட்டத்தைப் பின்னே போகச் சொல்லி வாசிப்பை நிறுத்தினார்கள், இறப்புச் செய்தி தெரிந்தது இறங்கிய பிறகுதான். 'பாரடைஸ் சிட்டி' வீடியோவில் வரும் கூட்டக் காட்சிகளில் சில அன்று எடுத்தவை. அது தெரிந்த நாளிலிருந்து அந்த வீடியோவை நான் சும்மா பார்ப்பதில்லை.

இன்றைக்கு அமெரிக்காவில் மட்டும் 18 முறை பிளாட்டினம், அதாவது 1 கோடியே 80 லட்சம் பிரதி, உலகம் முழுக்க ஏறத்தாழ 3 கோடி என்கிறார்கள். அமெரிக்காவில் மிக அதிகம் விற்ற முதல் ஆல்பங்களில் இதுவும் ஒன்று.

குழு அதிக நாள் தாங்கவில்லை. போதைப் பழக்கத்தால் ஆட்லரை 1990இல் நீக்கினார்கள், இஸ்ஸி 1991இல் தானாகவே விலகினார். 1988 கடைசியில் வந்த 'லைஸ்' ஆல்பத்தில் பாதி பழைய இபி (சில பாட்டுகளே கொண்ட சின்ன வெளியீடு), பாதி அக்கூஸ்டிக் பாட்டுகள். பிறகு வந்தவற்றில் பெரிய பாடல்கள் இருக்கின்றன, நானும் கேட்கிறேன். ஆனால் அந்த ஐவரும் ஒன்றாக நின்று முழுசாக வாசித்துக் கொடுத்தது என்று பார்த்தால் இந்தப் பன்னிரண்டு பாட்டு, ஐம்பத்து மூன்று நிமிடம்தான்.