கண்ணாடிப் பெட்டிக்குள் இழைப்புளி

அன்புள்ள ஐயா,

என் தாத்தா ஆசாரி. குடியாத்தம் பக்கத்தில் அவரே நின்று கட்டிய மெத்தை வீட்டைச் சென்ற மாதம் இடித்தோம். தார்சுக்கு, அதாவது மொட்டைமாடித் தளத்தைத் தாங்க, போட்டிருந்த தேக்குக் கட்டைகளைக் காண்ட்ராக்டரிடம் விடாமல் எடுத்து வைத்திருக்கிறேன். அத்தனையும் பர்மா தேக்கு என்கிறார் பெரியப்பா. பரண்மேல் ஒரு சாக்கு மூட்டையும் கிடைத்தது. இரண்டு இழைப்புளி, ஏழெட்டு உளி, மரம் செதுக்கும் வாச்சி, ரம்பம். எல்லாம் துருப்பிடித்தவை. ஒரு அலகில் ஷெஃபீல்டு என்ற முத்திரை தெரிகிறது. கட்டைகளை வைத்து நானே ஒரு சாப்பாட்டு மேசை செய்ய ஆசை. கருவிகளைக் கிரைண்டரில் கொடுத்துப் பளபளப்பாக்கி, வார்னிஷ் அடித்து, ஹாலில் கண்ணாடிப் பெட்டிக்குள் தாத்தா நினைவாக மாட்டலாம் என்றிருக்கிறோம். ஆம்பூர் நண்பர் தோல் பதனிடும் ஷாப்பின் பழைய டிரம் பலகைகள் தருகிறேன் என்கிறார். ராணிப்பேட்டை சிப்காட்டில் பேக்கிங் பெட்டி மரமும் மலிவாகக் கிடைக்கிறது. மேசைக்கு எந்த பாலிஷ் நல்லது?

கா., பெங்களூரு

அன்புள்ள கா.,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் பெங்களூர் சாலையில் ஒரு ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தேன். எதிர்ச் சுவர் முழுக்கத் தச்சுக் கருவிகள். ஒரு இழைப்புளியின் நடுமுதுகில் ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். அலகு, ஆப்பு எல்லாவற்றின் மேலும் ஒரே கறுப்பு வார்னிஷ். எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கோபம் ஆறுவதற்குள் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதனால் இந்தப் பதிலில் சூடு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டிரம் பலகை. வேண்டவே வேண்டாம். சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் குரோமிய உப்பும் வருஷக்கணக்கில் ஊறிய மரம் அது. இழைத்தால் அந்தத் தூசு உங்கள் மூச்சில் போகும், அறுத்து மேசையாகப் போட்டால் பிள்ளைகள் அதன்மேல் தட்டு வைத்துச் சாப்பிடும். தோல் கழிவால் பாலாறு கெட்டதற்காக வேலூர்க்காரர்கள் உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-இல் தீர்ப்பு வாங்கிய ஊர் இது. அந்த மண்ணில் பிறந்துவிட்டு இதை என்னிடம் கேட்கிறீர்களே! பேக்கிங் மரத்தில் கதிர் படத்தோடு ஒரு முத்திரை இருக்கும். அதில் ஹெச்.டி. என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சி கொன்றது, எடுக்கலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, தொடாதீர்கள். பர்மாவா நம்மூரா என்ற ஆராய்ச்சியைப் பெரியப்பாவுக்கே விட்டுவிடுங்கள். மேசைக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. சுவருக்குள் புதைந்திருந்த முனைகள்தான் முதலில் உளுத்திருக்கும், அவற்றை அறுத்துக் கழியுங்கள். ஒட்டியிருக்கும் காரையைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தமாகத் தேயுங்கள். ஒரு மணல் பொடி போதும், அலகின் வாய் போய்விடும்.

இனி சாக்கு மூட்டைக்கு வருகிறேன்.

கட்டைகளைக் காப்பாற்றிவிட்டதாக நினைக்கிறீர்கள். நீங்கள் விட்டிருந்தாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பழைய தேக்குக்கு விலை இருக்கிறது. இடிக்கிற காண்ட்ராக்டர் அதைக் கணக்குப் பண்ணித்தான் ரேட்டே பேசுவார். பழைய மரக்கடைக்காரர் ஒரு சிராய்கூடச் சிந்தாமல் ஏற்றிக்கொண்டு போவார். மியான்மர் 2014-இல் உருட்டு மரம் ஏற்றுமதியை நிறுத்திய பிறகு பர்மா என்று பெயர் சொன்னாலே தனி மரியாதை. கருவிகளுக்கு அப்படி யாருமில்லை. காயலான் கடையில் இரும்பு எடைக்குப் போகும், கட்டை அடுப்புக்குப் போகும். தப்பித்தவறி மிஞ்சினால் ஓட்டல் சுவர். உங்கள் வீட்டிலிருந்து நிஜமாகவே காப்பாற்ற வேண்டியிருந்தது அந்தச் சாக்கு ஒன்றைத்தான். அதைத்தான் நீங்கள் கிரைண்டருக்கு அனுப்பப் போகிறீர்கள்.

கிரைண்டருக்கு அனுப்பாதீர்கள். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். வேகமாகச் சுற்றும் கல்லில் மெல்லிய அலகை வைத்தால் விளிம்புதான் முதலில் காயும். எஃகு வைக்கோல் நிறமாகும், பழுப்பாகும், ஊதாவாகும், பிறகு நீலம். நீலம் வந்தால் ஏறக்குறைய 300 டிகிரி தொட்டுவிட்டது என்று அர்த்தம். உங்கள் தாத்தா காலத்து உளிகள் இந்தச் சூட்டைத் தாங்க மாட்டா. கொல்லர் கொடுத்த பதம், அதாவது எஃகின் கெட்டித்தன்மை, அந்த இடத்தில் இறங்கிவிடும். பார்க்கப் பளபள என்றுதான் இருக்கும், தேக்கில் நாலு தள்ளு தள்ளினால் விளிம்பு மடங்கிவிடும். தண்ணீரில் முக்கினாலும் போன பதம் திரும்பாது. நீலம் ஏறிய அளவுக்கு இரும்பைத் தேய்த்தே தீர்த்தாக வேண்டும்.

வாலாஜாவில் எங்கள் தெருவில் ஒரு ஆசாரி இருந்தார். காலையில் திண்ணையில் உட்கார்ந்தால் முதல் வேலை கல்லும் மண்ணெண்ணெயும்தான். எங்கள் வீட்டுக் கதவைச் சரிபார்க்கக் கொடுத்திருந்த அப்பா, பொழுது இப்படியே போகிறதே என்று முணுமுணுப்பார். ஆசாரி நிமிர மாட்டார். அவரிடம் வேலை பழகிய பையன் ஒருநாள், சீக்கிரம் முடியுமே என்று, பக்கத்து லாரிப் பட்டறைச் சாணைக்கு ஒரு உளியை எடுத்துப் போய்விட்டான். திரும்பி வந்தபோது அதன் வாயில் மயில்கழுத்து நிறம். ஆசாரி அடிக்கவில்லை, திட்டவுமில்லை. உளியை அவன் கையிலேயே கொடுத்து, நீலம் போகிறவரை கல்லில் தேய்க்கச் சொன்னார். பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் அவன் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்ப்பேன். அந்தப் பையன் பின்னால் நல்ல வேலைக்காரன் ஆனான். ஆசாரி போன பிறகு அவர் வீட்டில் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டார்கள். அதில் அந்த உளியும் இருந்தது. எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

நீங்களும் கையால்தான் தேய்க்க வேண்டும். துரு பெரிய விஷயமில்லை, புளித் தண்ணீரில் இரும்பை மட்டும் ஒரு இரவு ஊறப்போட்டுத் தேய்த்துத் துடைத்து உடனே எண்ணெய் பூசுங்கள். மரக்கட்டையை நனைக்காதீர்கள். பிறகு தடித்த கண்ணாடித் துண்டின்மேல் எமரி பேப்பரை ஒட்டி அலகின் முதுகை, அதாவது தட்டையான பக்கத்தை, சமமாக்குங்கள். எல்லாரும் சாய்வான பக்கமாகிய முகத்தைத் தீட்டிவிட்டு முதுகை விட்டுவிடுகிறார்கள். முதுகு சமமாகாமல் எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. முகத்தை 25 முதல் 30 டிகிரி சாய்வில் கல்லில் தள்ளுங்கள், முதுகுப் பக்கம் விரலில் மெல்லிய பிசிறு தட்டும்வரை.

ஷெஃபீல்டு இங்கிலாந்தில் எஃகுக் கருவிகளுக்குப் பேர்போன ஊர். அந்த முத்திரை உள்ள அலகைத் தீட்டும்போது வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பழைய அலகுகள் பலவற்றில் தேன் இரும்பு என்கிற மெத்தென்ற இரும்பின்மேல் ஒரு எஃகுத் தகட்டைக் காய்ச்சி ஒட்டியிருப்பார்கள். முகத்தில் குறுக்கே ஒரு கோடு தெரியும். மேலே மங்கிய சாம்பல், வாயோரம் பளிச்சென்ற வெள்ளை. அந்த வெள்ளைப் பட்டைதான் வெட்டுகிறது. அலகைப் பக்கவாட்டில் திருப்பினால் அந்த எஃகு வாயிலிருந்து மேலே எவ்வளவு நீளம் மிச்சம் இருக்கிறதோ அவ்வளவுதான் அந்த அலகின் ஆயுள். உங்கள் தாத்தா எவ்வளவு தீட்டியிருக்கிறார், உங்களுக்கு எவ்வளவு விட்டுப்போயிருக்கிறார் என்பதைக் கண்ணால் பார்க்கலாம். பெட்டிக்குள் வைத்து வார்னிஷ் அடித்தால் அந்தக் கோடு யாருக்குத் தெரியும்?

இன்னொன்று. தேக்கில் இயற்கையாகவே மணல் சத்து உண்டு, அது அலகின் கூர்மையைத் தின்னும். ஆகவே நடுவில் நடுவில் எழுந்து கல்லுக்குப் போக வேண்டியிருக்கும். மேசை தாமதமாகட்டுமே! பெங்களூரில் காசு கொடுத்தால் ஒரே நாளில் மேசை வரும். அது வேண்டுமென்றால் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள். மனைவியையும் கூப்பிட்டு ஒரு தரம் தள்ளச் சொல்லுங்கள். சுருள் எழும்பி வருவதைப் பார்த்த பிறகு அவரே கண்ணாடிப் பெட்டி வேண்டாம் என்பார்.

பாலிஷ் கேட்டிருந்தீர்கள். சாப்பாட்டு மேசைக்கு அரக்கு பாலிஷ் வேண்டாம், சூடான குழம்புச் சட்டி வைத்தால் வெள்ளை வட்டம் விழும். லின்சீட் ஆயிலை மெல்லிசாகத் தேய்த்து, உபரியைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, மறுபடி தேயுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே கொடியில் விரித்துப் போட்டு, விறைப்பாகக் காய்ந்த பிறகு எறியுங்கள்.