கிளிங்கன் விகுதிகளின் வரிசை

கேள்வி: 'ஸ்டார் ட்ரெக்' படங்களில் வரும் கற்பனை மொழியான கிளிங்கனின் வினை விகுதிகளில் 'பெ' ஏன் இடம் மாறுகிறது?
- வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: விகுதிகள் 9 வகை. எண் வரிசைப்படிதான் ஒட்டும்; வகைக்கு ஒன்றே. 'பெ' இந்த வரிசைக்குக் கட்டுப்படாத எதிர்மறை. தனக்கு முன்னால் நிற்பதை மறுக்கும். 'ஷோப்' சாப்பிடு, 'னிஷ்' 2ஆம் வகை, தேவையைக் காட்டும். ஜிஷோப்னிஷ்பெ: நான் சாப்பிடத் தேவையில்லை. ஜிஷோப்பெனிஷ்: நான் சாப்பிடாமல் இருக்க வேண்டும். ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் போகிறவர் சொல்ல வேண்டியது இரண்டாவது!

'நான்' என்பதைக் காட்டும் 'ஜி' முன்னொட்டு. 'சாப்பிட்டேன்' பழக்கத்தில் அதைக் கடைசியில் ஒட்டாதீர்கள்.

நம்மவர் அதிகம் சறுக்குவது 'விஷ்' விகுதியில். 'செய்கையில்' என்ற பொருள் தரும் இந்த 9ஆம் வகை, 7ஆம் வகை 'தஹ்' இல்லாமல் வராது. ஜிஷோப்தஹ்விஷ்: நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில். ஜிஷோப்விஷ் என்றால் பிழை. நம் 'கொண்டிரு'தான் அந்தத் 'தஹ்'.